"பரவால்ல சார்"க்கு எத்தன மார்க் போடறது?

"கால் இப்ப எப்டிப்பா இருக்கு?"ன்னு கேட்டா முக்காவாசிப் பேர்கிட்ட இருந்து வர்ற பதில் ஒண்ணே ஒண்ணுதான், "பரவால்ல சார்". நான் ஃபிசியோவா இருக்கேன், இந்தப் பரவால்லய ஒரு நாளைக்கு எத்தன தடவ கேக்கறேன்னு எனக்கே தெரியாது. வீக்கம் வத்தாம நொண்டிக்கிட்டு உள்ள வர்றவரும் அதத்தான் சொல்றாரு, ரெண்டு வருஷமா நெட்டுக்குப் பக்கத்துல போகவே யோசிக்கற வாலிபால் பையனும் அதேதான் சொல்றான். வார்த்த ஒண்ணு, உள்ள இருக்கற விஷயம் வேற வேற. இந்தப் பரவால்லய எப்டி நம்பரா மாத்தறாங்க, அந்த நம்பர எவ்ளோ தூரம் நம்பலாம், அதுவும் ஓடியாடி விளையாடறவங்களுக்கு இது ஏன் தனித் தலைவலி, இதத்தான் புதுசா படிக்கற பசங்களுக்கும் அடிக்கடி கணுக்கால் பெரள்ற ஆளுங்களுக்கும் புரியற மாதிரி எழுதிப் பாக்கறேன்.

மொதல்ல பிரச்சனை என்னன்னு பாத்துடுவோம். கணுக்கால் சுளுக்குன்னா பெரும்பாலும் பாதம் உள்பக்கமா மடங்கி, வெளிப்பக்கம் இருக்கற லிகமென்ட், அதாவது எலும்ப எலும்போட கட்டிவெக்கற நாரு, இழுபடறதோ கிழியறதோதான், அதுலயும் கொஞ்சம் முன்பக்கமா ஓடற ஆன்டீரியர் டேலோஃபிபுலர் லிகமென்ட்தான் வழக்கமா முதல் அடி வாங்கும். நம்ம ஊர்ல இதுக்கு இருக்கற மரியாதை தெரியும்ல, ஐஸ் வெச்சு கிரேப் பேண்டேஜ் சுத்தி, பக்கத்துத் தெருவுல சுளுக்கு எடுக்கறவங்ககிட்ட ஒரு நாள் போய், வீக்கம் வத்தினதும் கிரவுண்டுக்குக் கிளம்பிடுவோம். நெறய பேருக்கு அதோட சரியாவும் போயிடும். ஆனா ஒரு கூட்டத்துக்கு அது அதோட முடியறதில்ல. மேடு பள்ளத்துல கால் வெச்சா ஒரு மாதிரி நழுவுது, திடீர்னு திரும்பினா உள்ள மடங்கப் பாக்குது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மறுபடி வீங்குது. இதுக்குப் பேருதான் க்ரானிக் ஆங்கிள் இன்ஸ்டபிலிட்டி, தமிழ்ல சொல்லணும்னா நாள்பட்ட கணுக்கால் உறுதியின்மை, ஆனா கிரவுண்டுல ஒருத்தனும் அப்டிச் சொல்ல மாட்டான், "கால் அடிக்கடி பெரளுது"ம்பான், அவ்ளோதான். டப்ளின்ல முதல் தடவ கால் பெரண்டவங்கள ஒரு வருஷம் விடாம தொடர்ந்து பாத்த ஆய்வு ஒண்ணு 2016ல வந்துச்சு, அதுல ஏறக்குறைய 40 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சு இந்தக் கூட்டத்துலதான் நின்னாங்க. வெறும் சுளுக்குன்னு விட்டுட முடியாதுங்கறதுக்கு இது போதும்.

சரி, கால் ஆடுதா இல்லையான்னு கையால இழுத்துப் பாத்தாத் தெரிஞ்சிடாதா, எதுக்குக் கேள்வித்தாள்லாம்னு நானும் படிக்கறப்ப நெனச்சிருக்கேன். குதிகாலப் புடிச்சு முன்னாடி இழுத்துப் பாக்கற டெஸ்ட் இருக்கு, பக்கவாட்டுல சாய்ச்சுப் பாக்கற டெஸ்ட் இருக்கு, பண்ணத்தான் செய்றோம். ஆனா சிலருக்கு லிகமென்ட் நல்லாத் தளந்து போயிருக்கும், அவன் ஜாலியா ஃபுட்பால் ஆடிக்கிட்டு இருப்பான். இன்னொருத்தனுக்கு இழுத்துப் பாத்தா டைட்டா இருக்கும், ஆனா படிக்கட்டுல எறங்கறப்பவே காலு நம்மகிட்ட இல்லைன்னு சொல்வான். இங்கிலாந்துல ஃப்ரீமன்னு ஒரு டாக்டர் 1965லயே இத எழுதிட்டாரு, லிகமென்ட் கிழியறப்போ அதுக்குள்ள இருக்கற நரம்பு முனைகளும் சேந்து அடி வாங்குது, அதனால கால் எந்தக் கோணத்துல இருக்குங்கற தகவல் மூளைக்குச் சரியாப் போறதில்ல, மூட்டு தளர்வுங்கறது மட்டுமே கதையில்லன்னு. அதுக்கப்புறம் தசை பலம், பேலன்ஸ், பயம்னு என்னென்னவோ அந்தப் படத்துல சேந்துடுச்சு. மூட்டுல இருக்கற ஆட்டத்த நான் கையால அளந்துடலாம், அந்தக் காலோட ஒரு ஆளு எப்டி நாளத் தள்றான்ங்கறத அவன்கிட்டதான் கேக்கணும். ஆளே தன்னப்பத்திச் சொல்ற இந்தக் கணக்கத்தான் பேஷன்ட் ரிப்போர்ட்டட்னு சொல்றாங்க, நடுவுல டாக்டரோ ஃபிசியோவோ பூந்து அர்த்தம் சொல்லாம அவன் வாயால வர்றது.

இன்னொரு வார்த்தையும் இங்க தெளிவாக்கிடறேன், டிசெபிலிட்டி. நம்மகிட்ட இந்த வார்த்தயச் சொன்னா ஒடனே மாற்றுத்திறனாளி சர்ட்டிஃபிகேட், பஸ் பாஸ், இத்தன சதவீதம் ஊனம்னுதான் ஞாபகம் வரும். ஒரு பையனோட அம்மா ஃபார்ம்ல அந்த வார்த்தயப் பாத்துட்டு, "என் புள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம் எழுதறீங்க"ன்னு பதறிட்டாங்க. இங்க சொல்ற டிசெபிலிட்டி அது இல்ல. ஒரு ஆளு செய்ய விரும்பற, அவன் எடத்துல செய்ய வேண்டிய காரியத்த அந்தக் காலால எவ்ளோ செய்ய முடியல, அதுதான். லிகமென்ட் கிழிஞ்சது ஒரு படி, அதனால மூட்டு தளந்தது ஒரு படி, அதனால குதிச்சு எறங்க முடியாதது இன்னொரு படி, அதனால டீம்லயே இல்லாமப் போனது கடைசிப் படி. நாகின்னு ஒரு சமூகவியலாளர் 1960கள்லயே இப்டிப் படிப்படியாப் பிரிச்சுக் காட்டினாரு, உலக சுகாதார நிறுவனம் 2001ல கொண்டுவந்த வகைப்பாட்டுல செயல்பாடு, பங்கேற்பு, சுத்தியிருக்கற சூழல் எல்லாத்தையும் சேத்துக்கிட்டாங்க. அதனால ஒரே மாதிரி கிழிஞ்ச லிகமென்ட் பேங்க்ல ஒக்காந்து வேலை பாக்கறவருக்கு ஒண்ணுமே இல்லாத விஷயமாவும், கபடில ரைடு போறவனுக்கு வாழ்க்கைப் பிரச்சனையாவும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் எம்ஆர்ஐ ஒரே மாதிரி வந்தாலும்.

இப்ப கேள்வித்தாள். இதுல ரெண்டு ஜாதி இருக்கு, ஆரம்பத்துல எல்லாரும் கொழப்பிக்கறது இங்கதான். ஒரு வகை, இந்த ஆளுக்கு இன்ஸ்டபிலிட்டி இருக்கா இல்லையான்னு கண்டுபுடிக்கறதுக்கு. இன்னொரு வகை, இருக்கறதால அவனுக்கு என்னென்ன முடியலன்னு அளக்கறதுக்கு. முதல் வகையில ரொம்பப் பிரபலமானது கம்பர்லாண்ட் ஆங்கிள் இன்ஸ்டபிலிட்டி டூல், 2006ல ஆஸ்திரேலியால இருந்து வந்தது. ஒம்பது கேள்வி, மொத்தம் 30 மார்க், மார்க் கூடக் கூட கால் ஸ்டெடின்னு அர்த்தம். வலி எப்ப வருது, சட்டுனு திரும்பறப்ப, படி எறங்கறப்ப, ஒத்தக் கால்ல நிக்கறப்ப ஆடுதா, இதெல்லாம் கேப்பாங்க. எனக்கு அதுல புடிச்சது கடைசி ரெண்டு கேள்வி: கால் மடங்க ஆரம்பிச்சா ஒன்னால நிறுத்த முடியுதா, மடங்கினப்புறம் பழைய நெலமைக்கு வர எவ்ளோ நேரம் ஆகுது. கேள்வி எழுதினவங்களுக்கு அந்தக் காலோட நடமாட்டம் தெரிஞ்சிருக்குன்னு தோணும். இன்னொண்ணு, இதுல எடது காலுக்கு ஒரு கட்டம், வலது காலுக்கு ஒரு கட்டம்னு தனித்தனியா இருக்கும்.

நம்ம ஊர்ல கட் ஆஃப்னாலே கவுன்சலிங்தான் ஞாபகம் வரும், இங்கயும் ஒரு கட் ஆஃப் இருக்கு, அதுவும் கவுன்சலிங் மாதிரியே ஏறி எறங்குது. மொதல்ல உருவாக்கினவங்க 27ஓ அதுக்குக் கீழயோ வந்தா இன்ஸ்டபிலிட்டி இருக்க வாய்ப்புன்னாங்க. கணுக்கால் ஆராய்ச்சி பண்றவங்க சேந்து வெச்சிருக்கற இன்டர்நேஷனல் ஆங்கிள் கன்சார்ட்டியம் 2013ல யாரெல்லாம் இந்தப் பிரச்சனை உள்ளவங்கன்னு ஆய்வுக்குச் சேக்கலாம்னு ஒரு அறிக்கை விட்டாங்க, அதுல 24ன்னு வெச்சாங்க, அடுத்த வருஷமே வேற ஒரு குழு கணக்குப் போட்டுப் பாத்துட்டு 25தான் சரியா வருதுன்னுச்சு. அதனால 26 வாங்கினவனுக்கு இருக்கா இல்லையான்னு கேட்டா, எந்தக் கட்டுரையப் படிச்சேன்ங்கறதப் பொறுத்து நான் பதில் சொல்லணும். அந்த அறிக்கையில மார்க் மட்டும் போதும்னு சொல்லல, முதல் பெரண்டல் நடந்து குறைஞ்சது ஒரு வருஷம் ஆகியிருக்கணும், கடைசி அடி மூணு மாசத்துக்கு முன்னாடியே இருக்கணும், அப்புறம் கால் கைவிடற அனுபவமோ, திரும்பத் திரும்பப் பெரள்றதோ, ஆடற உணர்வோ இருக்கணும்னு வெச்சிருக்காங்க. அந்த மூணு மாசக் கண்டிஷன் முக்கியம், போன வாரம் பெரண்ட கால வெச்சுக்கிட்டு ஒருத்தன் ஃபார்ம் எழுதினா அது புதுப் புண்ணோட மார்க், நாள்பட்ட பிரச்சனையோட மார்க் இல்ல.

ரெண்டாவது வகைதான் இந்தக் கட்டுரையோட உண்மையான விஷயம், அதுக்கு ஒரு தம்பியக் கூட்டிட்டு வர்றேன். தஞ்சாவூர்ப் பக்கம், காலேஜ் டீம்ல வாலிபால் ஆடறவன், மூணு வருஷத்துக்கு முன்னாடி பிளாக் போயி எறங்கறப்போ நெட்டுக்கு அந்தப் பக்கத்து ஆளோட பாதத்து மேல எறங்கி எடது கால் பெரண்டுது. வாலிபால்ல இது ரொம்ப சகஜம். அதுக்கப்புறம் எத்தன தடவன்னு அவனுக்கே கணக்கில்ல. அவன் கைல ஃபுட் அண்ட் ஆங்கிள் எபிலிட்டி மெஷர்ங்கற ஃபார்மக் குடுத்தேன், சுருக்கமா ஃபாம்னு சொல்வோம், 2005ல வந்தது. போன ஒரு வாரத்துல எப்டி இருந்துச்சுன்னுதான் கேக்கும். ரெண்டு பகுதி. முதல் பகுதி தெனசரி வாழ்க்கை, 21 கேள்வி: நிக்கறது, சமதளத்துல நடக்கறது, செருப்பில்லாம நடக்கறது, படி ஏறறது எறங்கறது, குத்தவெச்சு ஒக்கார்றது, கால் மணி நேரத்துக்கு மேல நடக்கறது இப்டி. ஒவ்வொண்ணுக்கும் கஷ்டமே இல்லன்னா 4, சுத்தமா முடியலன்னா 0. ரெண்டாவது பகுதி விளையாட்டு, எட்டே கேள்வி.

பையன் முதல் பகுதிய ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டான், 4, 4, 4னு டிக்கு. மலை மேட்டுல ஏறறது, எறங்கறதுன்னு வந்த ரெண்டயும் காலியா விட்டுட்டான், "எங்கூர்ல ஏது சார் மலை, அணக்கரைப் பாலம்தான் மேடு"ன்னான். பிரச்சனையில்ல, பதில் இல்லாத கேள்விய மொத்தத்துலேர்ந்து எடுத்துட்டு மீதிக்குச் சதவீதம் போடலாம், அப்டித்தான் விதி. 19 கேள்வி, நாலால பெருக்கினா 76, அவன் வாங்கினது 73, அப்ப 96 சதவீதம். இத மட்டும் பாத்தா "உனக்கு ஒண்ணுமில்ல, போயிட்டு வா"ன்னு அனுப்பிடலாம். பரவால்ல சாருக்கு ஃபார்ம்லயே ஆதாரம் கெடச்ச மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது பகுதிக்கு வந்தப்பதான் பேனா நின்னுச்சு. ஓடறது 4. குதிக்கறது 3. குதிச்சு எறங்கறது, அதுக்கு 4 போட்டான், எனக்கு அது ஆச்சர்யம், ஆனா ஆளு எழுதறப்ப நாம வாய் தொறக்கக் கூடாது. சட்டுனு கெளம்பி சட்டுனு நிக்கறது 3, பக்கவாட்டுல வெட்டித் திரும்பறது 2, ஒடம்ப அதிரவைக்காத சாதாரணப் பயிற்சி 4. ஏழாவது கேள்வி, உன்னோட வழக்கமான டெக்னிக்ல ஆட முடியுதா. அங்க ரொம்ப நேரம் யோசிச்சு 1 போட்டான். எட்டாவது, உனக்குப் புடிச்ச ஆட்டத்த நீ ஆசைப்படற அளவுக்கு ஆட முடியுதா. அதுக்கும் 1. மொத்தம் 32க்கு 22, கிட்டத்தட்ட 69 சதவீதம். ஒரே ஆளு, ஒரே காலு, ஒரே நாள், ஒரே பேனா, ஒரு பக்கம் 96, இன்னொரு பக்கம் 69.

விளையாடறவங்கள அளக்கறதுல இருக்கற மெயின் சிக்கல் இதுதான். இந்த மாதிரி ஃபார்மெல்லாம் ஆப்ரேஷன் ஆனவங்க, வயசானவங்கன்னு எல்லாரையும் மனசுல வெச்சு எழுதினது, அதுல பாதிக் கேள்வி ஒரு இருவது வயசு அத்லெட்டுக்கு ஒண்ணாங்கிளாஸ் பரிட்ச மாதிரி. பத்தாவது படிக்கற பத்துப் பசங்களுக்கு ஒண்ணாங்கிளாஸ் கணக்குப் பேப்பரக் குடுத்தா பத்துப் பேரும் நூத்துக்கு நூறு வாங்குவான், அதுல யாருக்குக் கணக்கு வருது யாருக்கு வரலன்னு தெரியவா போகுது? இதத்தான் சீலிங் எஃபெக்ட்ங்கறாங்க, மார்க்கு மேல போயி கூரையில முட்டி நின்னுடுது, அதுக்கு மேல வித்தியாசம் காட்ட எடமில்ல. இன்னொரு ஆபத்து, மொத நாளே 96ல இருக்கறவன் ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் எவ்ளோதான் ஏற முடியும்? நாலு மார்க்கு. ஆறு வாரம் உயிரக் குடுத்து வேலை செஞ்சாலும் பேப்பர்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். கன்சார்ட்டியம் சொன்ன அளவும் இதுக்கேத்த மாதிரிதான் இருக்கு, தெனசரிப் பகுதியில 90க்குக் கீழ, விளையாட்டுப் பகுதியில 80க்குக் கீழன்னு. நம்ம தம்பி முதல்ல தேறிட்டான், ரெண்டாவதுல மாட்டிக்கிட்டான். அதனால கிரவுண்டுக்குப் போற ஆள்கிட்ட விளையாட்டுப் பகுதியக் கேக்காம விடறது என்னைப் பொறுத்தவரைக்கும் அளக்காம விடறதுதான்.

இப்ப அந்த 4க்கு வர்றேன், குதிச்சு எறங்கறதுக்குப் போட்டானே. எழுதி முடிச்சுக் குடுத்தப்புறம்தான் கேட்டேன், "லேண்டிங்ல பிரச்சனையே இல்லையா தம்பி?" அதுக்கு அவன் சொன்னது: "இல்ல சார், இப்ப நான் நெட்டுக்கே போறதில்லயே, பின்னாடி நின்னு பாஸ்தான் எடுக்கறேன்." ஒரு வாரமா நெட்டுல குதிச்சு எறங்கவேயில்ல, அதனால கஷ்டமும் இல்ல. பொய் சொல்லல பாருங்க, கேட்ட கேள்விக்கு நேர்மையாத்தான் பதில் போட்டிருக்கான். ஒரு காரியத்தையே விட்டுட்டா அந்தக் காரியத்துல கஷ்டம் எப்டி வரும். இந்த ஓட்டைய அந்தக் கடைசி ரெண்டு கேள்விதான் அடைக்குது, ஸ்மாஷர் பின்வரிசைக்குப் போனத டெக்னிக் கேள்வி புடிச்சிடுச்சு, ஆசைப்பட்ட அளவு ஆட முடியாதத எட்டாவது கேள்வி புடிச்சிடுச்சு. மொத்த மார்க்க மட்டும் பாத்துட்டு ஃபார்ம மடிச்சு வெக்காதீங்கன்னு நான் பசங்ககிட்ட அடிச்சுச் சொல்றது இதனாலதான், ஒவ்வொரு வரியும் படிக்கணும். நான் அவன் எழுதினத மாத்தச் சொல்லல, 22 22ஆவே இருந்துச்சு. மாத்தச் சொன்னா அப்புறம் அது என் மார்க்கு, அவன் மார்க்கு இல்ல.

ஆறு வாரம் பேலன்ஸ், ஒத்தக் கால் வேலை, குதிச்சு எறங்கற பயிற்சின்னு ஓட்டினோம். மறுபடி ஃபார்ம். இந்தத் தடவ 25, அதாவது 78 சதவீதம். வேடிக்கை என்னன்னா லேண்டிங்குக்குப் போன தடவ 4 போட்டவன் இப்ப 3 போட்டான், ஏன்னா இப்பதான் நெஜமாவே குதிக்கறான்! டெக்னிக் 2 ஆச்சு, எட்டாவது கேள்வி 3 ஆச்சு, வெட்டித் திரும்பறதும் ஒரு மார்க் ஏறுச்சு. ஒரு வரியில எறங்கினதே நல்ல சேதியா இருக்கலாம்ங்கறத நான் அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்.

ஆனா 69லேர்ந்து 78, ஒம்பது சொச்சம் ஏறியிருக்கு, இது நெஜமான முன்னேற்றமா இல்ல அன்னிக்கு மூடு நல்லாருந்ததா? இதுக்குத்தான் ரெண்டு அளவு வெச்சிருக்காங்க, பேரு பெருசா இருந்தாலும் விஷயம் சின்னதுதான். வீட்ல வெயிட் மெஷின்ல ஏறி எறங்கி மறுபடி ஏறினா நூறு இருநூறு கிராம் மாத்திக் காட்டும்ல, அதுக்காக அந்த அர நிமிஷத்துல நீங்க எளச்சிட்டீங்கன்னு அர்த்தமில்ல. ஃபார்முக்கும் அந்த மாதிரி ஒரு ஆட்டம் உண்டு, கால்ல ஒண்ணுமே மாறாம இருந்தாலும் மார்க் கொஞ்சம் ஏறி எறங்கும். அந்த ஆட்டத்தத் தாண்டினாத்தான் உண்மையான மாற்றம். ஃபாம் உருவாக்கினவங்க போட்ட கணக்குப்படி தெனசரிப் பகுதியில இது 5.7, விளையாட்டுப் பகுதியில 12.3. இன்னொரு அளவு, எவ்ளோ ஏறினா ஆளுக்கே "ஆமா, நல்லாருக்கு"ன்னு தோணும்ங்கறது, அது தெனசரிக்கு 8, விளையாட்டுக்கு 9. இப்ப கவனிங்க, விளையாட்டுப் பகுதியில ஆளுக்குத் தோண 9 போதும், ஆனா மெஷினோட ஆட்டமே 12. தம்பியோட 9.4 சரியா அந்த நடுவுல போயி ஒக்காந்துக்கிச்சு. அவனுக்கு நல்லாருக்குன்னு தோணலாம், ஆனா பேப்பர வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. புஸ்தகத்துல படிச்சா இது கொழப்பமாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா எட்டே கேள்விய வெச்சு அளக்கறப்ப இவ்ளோ ஆட்டம் வர்றது இயற்கைதான், ஒரு கட்டம் மாறினாலே மூணு சதவீதம் மாறிடுதே. மூணாவது மாசம் 28 வாங்கினான், 87 சொச்சம், ஆரம்பத்துலேர்ந்து பத்தொம்பது கிட்ட ஏத்தம், அப்ப ரெண்டு கோட்டையும் தாண்டியாச்சு, அதுக்கப்புறம்தான் நான் கேஸ் ஷீட்ல முன்னேற்றம்னு எழுதினேன்.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் கால். ஆனா டீம் பெஞ்சுல ஒக்காந்திருக்கறவனுக்குக் கால் மட்டுமா வலிக்குது. அத்லெட்டுகளுக்குன்னே தனியா ஒரு ஸ்கேல் இருக்கு, 2010ல வந்தது, டிஸேபிள்மென்ட் இன் தி ஃபிஸிக்கலி ஆக்டிவ் ஸ்கேல்னு பேரு. 16 வரி, ஒவ்வொண்ணுக்கும் பிரச்சனையில்லன்னா 1, ரொம்ப மோசம்னா 5, மொத்தத்துலேர்ந்து 16 கழிச்சா 0லேர்ந்து 64க்குள்ள வரும். கணுக்காலுக்குன்னு மட்டும் இல்ல, தோள்பட்ட முட்டி எதுக்கும் குடுக்கலாம். மத்ததுக்கு நேர் எதிர், இதுல மார்க் கூடினா மோசம், அவசரத்துல இதப் பலபேர் தலகீழாப் படிச்சுடுவாங்க. வலி, மூட்டு அசைவு, ஸ்டெடி, திசை மாறி ஓடறதுன்னு வந்துட்டு, கடைசியில டீமோடயும் பிரெண்ட்ஸோடயும் ஒறவு எப்டி இருக்கு, மனசுல பாரம் கூடியிருக்கா, எரிச்சல் வருதான்னு கேக்கும். பின்னாடி வந்தவங்க இத ஒடம்பு பாதி 12 வரி, மனசு பாதி 4 வரின்னு பிரிச்சும் பாத்திருக்காங்க. நாள்பட்ட அடியா இருந்தா 6 மார்க் கொறஞ்சாலே ஆளுக்கு வித்தியாசம் தெரியும், புது அடின்னா 9 கொறயணும்னு அத உருவாக்கினவங்க சொல்றாங்க. தம்பி அந்த நாலு வரியில என்ன போட்டான்னு இங்க எழுத மாட்டேன், அது அவன் விஷயம், ஆனா கால் மார்க்க விட எனக்கு அதுதான் ரொம்ப நேரம் மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. அசைஞ்சா மறுபடி அடிபட்டுடுமோங்கற பயத்தையே தனியா அளக்கற டாம்பா ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, அது ஒரு தனிக் கட்டுரைக்கு ஆகும்.

சொந்த வாயால சொல்றதெல்லாம் ஒரு அளவானு இன்னும் சில சீனியருங்க மூஞ்சச் சுளிப்பாங்க. அவங்களுக்கு நான் அந்த டப்ளின் ஆய்வத்தான் காட்டறது. பெரண்டு ஆறு மாசம் ஆனப்போ யாரோட டைனமிக் பேலன்ஸ், அதாவது அசையறப்ப இருக்கற பேலன்ஸ், மோசமா இருந்துச்சோ, யாரு ஃபார்ம்ல தன் காலப்பத்திக் கொறச்சலா மார்க் போட்டிருந்தாங்களோ, அவங்கதான் வருஷக் கடைசியில நாள்பட்ட பிரச்சனைல போயி நிக்க வாய்ப்பு அதிகம்னு வந்துச்சு. ஆளு சொன்ன மார்க்கு அளந்து பாத்த பேலன்ஸுக்குப் பக்கத்துலயே சேர் போட்டு ஒக்காந்துடுச்சு.

மொழிச் சிக்கல் ஒண்ணு பாக்கி. இந்த ஃபார்மெல்லாம் இங்கிலீஷ்ல பொறந்தது, நம்மாளுக்கு வாயால தமிழ்ல சொல்லிக் கேக்கறப்ப ஆளாளுக்கு ஒரு வார்த்த போடறோம். கிவ்விங் வேங்கறத ஒரு ஸ்டூடன்ட் "கால் வழி விடுதா?"ன்னு கேட்டா, பேஷன்ட்டு எந்த வழின்னு திருப்பிக் கேட்டாரு. அதுக்கு அர்த்தம், சொல்லாமக் கொள்ளாம, நம்ம கட்டுப்பாட்டுல இல்லாம பாதம் உள்பக்கம் மடங்கறது, ஆனா அது முழு சுளுக்கா முடியாம தப்பிக்கறது. இதுக்கு நம்ம பசங்க வெச்சிருக்கற வார்த்த எவ்ளோ கரெக்டா இருக்கு பாருங்க, "பெரளப் பாத்துச்சு சார், விட்டுட்டுச்சு". பெரண்டுதுன்னா சுளுக்கு, பெரளப் பாத்துச்சுன்னா கிவ்விங் வே, இவ்ளோதான் வித்தியாசம். அதே மாதிரி குத்தவெச்சு ஒக்கார்றத வெளிநாட்டுல ஒரு எக்சர்சைஸா நெனச்சுப் பதில் போடுவாங்களா இருக்கும், நமக்கு அது காலைல மொத வேலை. முறையா மொழிபெயர்க்கறதுன்னா தமிழ்ல எழுதி, அந்த இங்கிலீஷ் மூலத்தப் பாக்காத இன்னொருத்தர வெச்சுத் திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுபோயி ஒத்துப் பாத்து, நம்ம ஆளுங்ககிட்ட ஓட்டிப் பாத்து, அப்புறம் நம்பகத்தன்மைக் கணக்கப் புதுசாப் போடணும். பெஞ்சுல ஒக்காந்து நாம வாய்க்கு வந்தபடி மாத்திக் கேட்டா அந்த 9, 12 எதுவும் நம்ம ஃபார்முக்குச் செல்லுமான்னே தெரியாது. குறைஞ்சது ஒரே ஆள்கிட்ட ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தயிலயாவது கேளுங்க.

எப்பக் குடுக்கறதுங்கறதுலயும் கொஞ்சம் ஒழுங்கு வேணும். நான் பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான் குடுப்பேன், முடிஞ்சு கால் சோந்து போனப்புறம் குடுத்தா அன்னிக்கி அலுப்புதான் மார்க்கா வரும். பழைய பேப்பரக் கண்ணுல காட்டறதில்ல. கோச் பக்கத்துல நின்னா வேணாம், அவரு முன்னாடி எவனும் 1 போட மாட்டான், டோர்னமென்ட்டுக்கு மொத வாரம்னா கேக்கவே வேணாம், எல்லாம் 4தான். அவசரப்படுத்தாம ஒரு பேனாவும் ஒரு அமைதியான மூலையும் குடுத்தாப் போதும், பத்து நிமிஷத்துக்கு மேல ஆகாது.

நான் கோட்ட விட்ட எடத்தையும் சொல்லிடறேன். அந்த கம்பர்லாண்ட் ஃபார்ம்ல ரெண்டு காலுக்கும் தனித்தனிக் கட்டம்னு சொன்னேன்ல, மொத நாள் தம்பி எடது கால் வரிசைய மட்டும் முடிச்சு 17 வாங்கினான், வலதுக்கு "அது நல்ல காலு சார்"னு காலியா விட்டுட்டான், நானும் கெடக்குன்னு விட்டுட்டேன். மூணாவது மாசம், கேஸ முடிக்கலாம்னு இருக்கறப்போ, சும்மா அதையும் எழுதேன்டான்னு குடுத்தேன். நல்ல காலு 23. "எப்பவாவது பெரளப் பாக்கும் சார், அதெல்லாம் பரவால்ல"ன்னான். வலதுக்குத் தனியா ஒரு ஷீட் போட்டாச்சு, செவ்வாக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.